நண்டு வலையில் சூடை

செப்டெம்பர் 4, வியாழன்

கம்பஸிலிருந்து சேர் இன்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்: ஆய்வுக்குத் தோணியில் போய் எடுத்த கணக்குத்தான் வேண்டும், கரையில் எடுத்ததற்குப் பாதி மார்க்ஸ்தான். நியாயம்தான். நண்டு வலையில் படுகிற வேண்டாத மீனைக் கடலிலேயே வீசிவிடுகிறார்கள். கரையில் நின்று நான் எதை எண்ணுவது? இதில் ஏ எடுத்தால் எனக்கு ஃபெர்ஸ்ட் கிளாஸ்.

வாப்பாவுக்குச் சொந்தத் தோணி. கேட்டேன். "பொம்புளப் புள்ள தோணியில ஏறினா ஓலைத்தொடுவாய் ஊர் முழுக்கக் கதைக்கும் மகள்."

செப்டெம்பர் 7, ஞாயிறு

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கம்பஸில் கூடப் படிக்கிற சியாமை மறிச்சுக்கட்டியிலிருந்து நானே வரச் சொன்னேன். அவனுக்கும் தோணிக் கணக்குத் தேவை. அவனும் வந்தால் வாப்பா இளகுவார் என்று நினைத்தேன். வாப்பா அவனுக்குக் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, "நாளைக்கே வாங்கோ தம்பி" என்றார்.

எனக்கு? "நீ உம்மாவோட நில்லு."

வயல்காரன் மகன். நீந்தக்கூடத் தெரியாது!

செப்டெம்பர் 8

அளவுப் பலகையோடு கரையில் நின்றேன். நண்டு மட்டும்தான் வந்தது. "கம்பஸுக்கு விட்டதே பெரிய விசயம்" என்கிறா உம்மா. விட்டதா? நான் என்ன கட்டிப்போட்ட ஆடா?

செப்டெம்பர் 18, வியாழன்

சியாம் வாப்பாவோடு தோணியில் போன மூன்று நாள் கணக்கையும் கொண்டுவந்து தந்தான். "நீதானே வடிவா டேபிள் போடுவாய், ஒருக்காச் செய்து தா. உங்களுக்கென்ன, பொம்புளயளுக்கு எப்பிடியும் சேர்மார் மார்க்ஸ் போடுவாங்கள்தானே."

வாசித்தேன். சூடை, நூற்றுப்பத்து! நண்டு வலையின் பெரிய கண்ணுக்குள்ளால் விரலளவு சூடை மீன் கூட்டமாய் நீந்திப் போகுமே, எப்படிப் பட்டது என்று கேட்டேன். "தலைசுத்து. படுத்திட்டன். பிறகு ஒரு மாதிரி நிரப்பினன்" என்று சிரிக்கிறான். சிரிக்கிறான்!

டேபிள் போட மாட்டேன் என்றேன். எனக்குப் பெருமை கூடிவிட்டதாம்.

செப்டெம்பர் 20

சியாம் விட்டுப்போன தாளை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"சூடையா? என்ட தோணியிலயா? அவன் மூண்டு நாளும் வாந்தியெடுத்துக்கொண்டு கிடந்தவன்!" எழும்பி நின்றுவிட்டார். "இந்த சாஹுல் ஹமீட்டுக்கு வலை போடத் தெரியாதெண்டெல்லே கம்பஸ் சிரிக்கும்!"

வாப்பாவுக்குக் கோபம் வந்தது. தோணிக்காக. எனக்காக இல்லை.

அழுதேன், அழுதபடியே கத்தினேன். "கண்ண மூடிக்கொண்டு கிடந்தவனுக்கு மூண்டு தரம் இடம் இருந்திச்சு. எனக்கு ஒருக்காக்கூட இல்லையா வாப்பா? பிறகு எதுக்கு என்னப் படிப்பிச்சீங்க?" உம்மா வாயைப் பொத்தச் சொன்னா. பொத்தவில்லை.

செப்டெம்பர் 22

வாப்பா விடியமுன் தோணியை இறக்கிவிட்டார். நான் கரைக்குப் போகவில்லை.

செப்டெம்பர் 24

"நாளைக்கு மூண்டரைக்கு எழும்பு." வாப்பா அவ்வளவுதான் சொன்னார்.

செப்டெம்பர் 25, வியாழன்

நண்டோடு வலையில் பட்ட மீன்: பேத்தை பதினேழு, கெளுத்தி ஒன்பது, குட்டித் திருக்கை நான்கு. எல்லாம் நானே அளந்தது. கெளுத்தி முள் குத்தி விரல் வீங்கிவிட்டது. எழுத்துக் கோணல்மாணலாய் வருகிறது.

கரையில் பக்கத்துத் தோணி நுஃமான் மாமா வாப்பாவிடம் கேட்டார்: "என்ன காக்கா, மகளையுமா ஏத்தினீங்க?"

"சரியா எண்ணத் தெரிஞ்ச ஆள் தேவைப்பட்டிச்சு," என்றார் வாப்பா, என் பக்கம் திரும்பாமல்.

மன்னிப்பும் கேட்கவில்லை, மகள் என்றும் சொல்லவில்லை. என் கோபம் இன்னும் ஆறவில்லை. நாளை வெள்ளி, தோணி இறங்காது. சனிக்கிழமை போகிறேன்.