எலுமிச்சைக்கு அடியில் விளைந்த உப்பு

ஏப்ரல் 28, ஞாயிறு
என் வீட்டுக்காரி மலர்கொடி ஆபரேஷன் முடிந்து பாண்டிச்சேரியில் மகள் வீட்டில் இருக்கிறாள். வர ஒரு மாசத்துக்கு மேல் ஆகும். போனில் நான் சாப்பிட்டேனா என்றுகூடக் கேட்கவில்லை. “எலுமிச்சைய மட்டும் சாவ விட்டுடாதய்யா” என்கிறாள். ஆறு வருஷமாக வளர்க்கிறாள், இன்னும் ஒரு பூ வைக்கவில்லை. உப்பளத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறவனுக்கு ஒரு செடிக்கு ஊற்றத் தெரியாதா?

மே 5
என்ன வெயில்டா சாமி! இலையெல்லாம் சுருண்டுவிட்டது. சுற்றி வரப்பு கட்டி, உச்சி வெயிலில் போர் தண்ணீரை நான்கு விரல் உயரம் தேக்கினேன்.

மே 9
இலை ஓரமெல்லாம் கருகல். தண்ணீரை இரண்டு வேளை ஆக்கினேன். அவளிடம் “ஜம்முனு இருக்குது” என்று சொல்லிவிட்டேன்.

மே 13
ஒரு இலைகூட இல்லை. எல்லாம் கொட்டிவிட்டது.
மண்மேல் வெள்ளையாகப் பொருக்கு. நாக்கில் வைத்தேன். அடப்பாவி! கோடையில் போர் தண்ணீர் கரிக்கும், ஊருக்கே தெரியும். அதைத் தேக்கி வெயிலில் காயவிட்டால்? அவள் மரத்தடியில் உப்பு விளைவித்திருக்கிறேன். நல்ல உப்பு வேறு.

மே 14
போன் போட்டு உள்ளதைச் சொன்னேன். அவள், “நகத்தால பட்டைய கீறிப் பாரு.”
கீறினேன். உள்ளே பச்சை!
“சாவலய்யா. உப்புத் தண்ணிய வேரு குடிக்க முடியலன்னா இலைய அதுவே உதுத்துடும், உசுர புடிச்சிக்க.”
வாயில்லாத மரம் — இதை யார் அதற்குச் சொல்லிக்கொடுத்தது?

மே 15
அவள் சொன்னபடி மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தேன். விடியற்காலையில் குழாயடி நல்ல தண்ணீர் ஐந்து குடம், மெதுவாக, வேர்வரை இறங்க. அடியில் வைக்கோல் மூடாக்கு. மேலே பழைய புடவையில் பந்தல். என்னோடு உப்பளத்தில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரன் பாவாடை எட்டிப் பார்த்து, “ஏம்பா, மரத்துக்குக் கல்யாணமா?” என்றான். போடா என்றேன்.

மே 26
ஒன்றுமில்லை. தினமும் கீறிப் பார்க்காதே என்று திட்டு.

ஜூன் 4
கணுவில் குண்டூசித் தலை அளவு பச்சை. பக்கத்திலேயே வெள்ளையாக — அரும்பு! மொட்டைக் குச்சியில், இலைக்கும் முந்திக்கொண்டு, பூ. ஆறு வருஷம் சொகுசில் வைக்காததை இத்தனை பாடு பட்ட பிறகா வைக்கிறாய்? கும்பிட்டுவிட்டேன்.

ஜூன் 9
மலர்கொடி முந்தாநாள் வந்தாள். இன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. உப்பளத்துப் பாத்தியில் அள்ளாமல் கிடந்த உப்பு முழுக்கக் கரைந்தது. பாவாடை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.
வீட்டுக்கு வந்தால் அவள் வாசற்படியில் நின்று மரத்தையே பார்க்கிறாள். “வேருல இருக்குற கரிப்பெல்லாம் கழுவிக்கிட்டுப் போவுது பாரு.”
நானும் நின்றேன். இன்னும் கொஞ்சம் பெய்யட்டும் என்று இருந்தது. இதைப் பாவாடையிடம் சொல்ல முடியுமா?