தடுப்பில் படிந்த தூசி

ஸ்ரீரங்கம், 12 பிப்ரவரி 1940, திங்கள் இரவு.

கூடத்துத் தடுப்பில் இன்று பூசிய வார்னிஷ் கெட்டுவிட்டது. ஆசாரி விரலால் தடவிப் பார்த்து, "முழுக்கச் சொரசொரன்னு இருக்குங்க, மறுபடி தேய்க்கணும்" என்றார்.

பாகப்பிரிவினையில் வீட்டை இரண்டாக்கிய பிளைவுட் தடுப்பு அது. என் பக்கத்தை அவர் உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்து, ஈரத்துணியால் தூளைத் துடைத்து, கதவுகளைச் சாத்திவிட்டுத்தான் பூசினார். அது காய்வதற்குள் தம்பி தன் பக்கத்தை வறட்டுத் துடைப்பத்தால் கூட்டினான். தினமும் கூட்டுகிறவள் அவன் மனைவி. இன்று அவனே கூட்டினான். தடுப்புக்கு மேலுள்ள இடைவெளி வழியாகத் தூசி எங்கள் பக்கம் இறங்கியது.

"வேணும்னே செய்யறியா?" என்று கேட்டேன்.

"என் வீட்டைக் கூட்ட உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா அண்ணா? தடுப்பு வேணும்னு கேட்டது நீதானே!"

வியாழனன்று என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அந்தத் தடுப்பின் முன்னால்தான் அவளை உட்கார வைக்க வேண்டும். அது அவனுக்குத் தெரியும்.

ஆசாரி நாளைக் காலை தேய்த்து, மதியம் பூசுவார். அப்போது கூட்டாதே என்று தம்பியிடம் நான்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். தடுப்புக்கு அப்பால் இருமுகிறான், இன்னும் தூங்கவில்லை. இப்போதே கேட்கலாம். கேட்கமாட்டேன். துடைப்பத்தை எடுப்பானா என்பது நாளை மதியம் தெரிந்துவிடும்.