அவர் சிரிப்பு ஞாபகம் வரவில்லை

அன்புள்ள அத்தைக்கு, வணக்கம். முழங்கால் வலி தேவலையா? மாமா வேளைக்குச் சாப்பிடுகிறாரா? நான் நல்லபடியாக இருக்கிறேன்.

போன வாரம் இங்கே ஒரு கூத்து. ஓட்டல் சலவைக்கூடத்தில் துவைக்காத துண்டுகளையே அழகாக மடித்து அடுக்கிவிட்டேன். சூப்பர்வைசர் அக்கா, "ஏம்மா, இது ரூமுக்குப் போயிருந்தா, தங்க வந்தவங்க நம்மளையில்ல துவைச்சிருப்பாங்க!" என்று சிரித்தார். ஆனாலும், கொஞ்ச நாளாகவே நான் நினைவில்லாமல் வேலை செய்கிறேன் என்று விடாமல் டாக்டரிடம் கூட்டிப்போனார். பயப்படாதீர்கள், வேலை போகவில்லை.

மனதில் கிடந்ததை டாக்டரிடம் கேட்டுவிட்டேன். உங்கள் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாள் அப்படியே கண்ணில் நிற்கிறது. சிரித்த முகம் மட்டும் எவ்வளவு யோசித்தாலும் வரமாட்டேன் என்கிறது. அதற்குள் மறந்துவிட்டேனே, நானெல்லாம் என்ன ஜென்மம் என்றேன்.

"மறக்கலம்மா. துக்கம் ரொம்ப நாள் நீடிச்சா மூளையில சுரக்கிறதெல்லாம் தாறுமாறாகும். அப்போ கெட்ட ஞாபகம் முந்திக்கிட்டு வரும், நல்லது பின்னாலயே நின்னுடும். மாத்திரை போடுங்க, மெதுவா வரும்" என்றார்.

மாத்திரை அவரையே மறக்கடித்துவிடுமோ என்று பிரிக்காமல் வைத்திருந்தேன். மறுபடி போய்க் கேட்டதற்கு, அப்படி ஆகாது என்று டாக்டர் அடித்துச் சொன்ன பிறகு, நேற்று முதல் போடுகிறேன். பலன் தெரியச் சில வாரம் ஆகுமாம்.

அதுவரை ஓர் உதவி செய்யுங்கள், அத்தை. அவர் எதற்கெல்லாம் சிரிப்பார், எப்படிச் சிரிப்பார் என்று நாத்தனாரிடம் சொல்லி எழுதி அனுப்புங்கள். நினைத்தால் உங்களுக்கும் வலிக்கும், தெரியும். என் ஞாபகம் திரும்பும்வரை உங்களுடையதை வைத்துக்கொள்கிறேன்.

வேலைக்கு வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது. சின்னச் சிரிப்பானாலும் சரி, எழுதுங்கள்.

உங்கள் மருமகள்