கறுப்பிக்கு ஊற்றிய எண்ணெய்

என்னங்க,

எழுப்ப மனசு வரவில்லை. எழுப்பினால் மறுபடியும் சண்டைதான் வரும். பால் நிலையத்துக்குக் கிளம்பிவிட்டேன். மாட்டு டாக்டர் காலையிலேயே வருகிறேன் என்றார். கொட்டகைச் சாவி சன்னல் மேல் இருக்கிறது.

கறுப்பி இன்னும் தீவனத்தை மோந்துகூடப் பார்க்கவில்லை. கன்று போட்டு ஒரு வாரம்கூட ஆகாத உடம்பு. தீவனத்தில் கலக்க டாக்டர் தந்த கொழுப்புத் தூள் தீர்ந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? "கொழுப்பு எதுல இருந்தா என்னடி, உள்ள போனா சரி"ன்னு சமையல் எண்ணெயைச் சொம்பு நிறைய ஊற்றுவீங்களா? அந்தத் தூள் மாட்டின் முதல் வயிற்றில் கரையாமல் தாண்டிப் போய்த்தான் செரிக்கும். எண்ணெயோ அங்கேயே படிந்து, தின்ற வைக்கோலையும் செரிக்க விடாது. டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். நீங்கள் தலையை மட்டும் நன்றாக ஆட்டினீங்க.

இனி எதையும் கலக்காதீங்க. காய்ந்த புல்லும் தண்ணீரும் மட்டும் முன்னால் வையுங்க. கன்றை அவள் கண்ணில் படும்படி கட்டுங்க.

உங்கள் சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். கோபத்தை என்மேல் காட்டுங்க, சோற்றின்மேல் வேண்டாம்.

பி.கு.: டாக்டரிடம், "என்னன்னே தெரியல சார், திடீர்னு தின்னல"ன்னு மழுப்பாதீங்க. வைத்தியம் தப்பாகிவிடும்.

இன்னொன்று. சொல்ல வெட்கமாக இருந்தால் நான் ஊற்றியதாகச் சொல்லிவிடுங்க. அந்தப் பொய்யைக் கடவுள் பொறுத்துக்கொள்வார். ஆனால் எண்ணெய் என்பதை மட்டும் மறைக்காதீங்க. அவளால் வாய் திறந்து சொல்ல முடியாது.