இரண்டாவது வெள்ளை டை

ஹெர்னோசாண்ட்,
மே 11, ஞாயிறு

அன்புள்ள யெஸ்பருக்கு,

ட்ரியெஸ்டேயிலிருந்து நீ அனுப்பிய படஅட்டை வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. நீ சுகமாக இருப்பதையும், அங்கே வெயில் நன்றாக அடிப்பதையும், உன் தோழி இலாரியாவின் வீட்டு மாடியிலிருந்து கடல் தெரிவதையும் அறிந்துகொண்டேன். உடம்பைப் பொறுத்தவரை நானும் சுகமாகவே இருக்கிறேன். விரிகுடாவின் பனிக்கட்டி ஏப்ரல் கடைசியில் உடைந்து போய்விட்டது, ரூனெ மாமாவின் முழங்கால் அறுவைக்கு ஆகஸ்டில் தேதி கிடைத்திருக்கிறது, பக்கத்து வீட்டார் தங்கள் படகுக்கு இந்த ஆண்டும் அதே பச்சையை அடித்திருக்கிறார்கள். நில அளவை அலுவலகத்தில் என்னை நீண்ட விடுப்பில் போகச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன், எல்லைக்கற்கள் யாருக்கும் ஆறுதல் சொல்வதில்லை என்பதால் அவற்றோடு இருப்பதே எனக்கு எளிதாக இருக்கிறது. உன் அட்டையில் ஆறு வரிகள் இருந்தன. ஆறில் ஒன்றிலும் உன் அம்மா இல்லை. ஆகவே அவளைப் பற்றி நான் எழுதுகிறேன், நீ இதை இறுதிவரை படிக்கவேண்டும், படித்த பிறகு என்ன செய்வது என்பதை நீயே முடிவு செய்துகொள்.

ஹனோயில் மூன்று ஆண்டு ஆங்கிலம் கற்பித்த பின் உன் வேலை ஜனவரி நடுவில் முடிந்தது. அம்மாவின் நோய் குணமாகாது என்று மருத்துவர் சொன்னதை நவம்பரிலேயே உனக்கு எழுதியிருந்தேன், ஆகவே நீ அறியாமல் இருந்தாய் என்று நாம் இருவரும் பேசிக்கொள்ளவேண்டாம். நீ வீட்டுக்கு வரவில்லை, லிஸ்பனில் இறங்கினாய். அங்கே உன்னோடு கற்பித்த நண்பன் வீட்டில் மூன்று வாரம், பிறகு லியோனில் இரண்டு வாரம், பிறகு கென்ட் நகரத்தில் உன் நண்பன் யோரிஸின் வீடு. ஒவ்வொரு ஞாயிறும் நீ அம்மாவை அழைத்துப் பேசினாய், ஒவ்வொரு ஞாயிறும் அடுத்த வாரம் வருவதாகச் சொன்னாய். சமையலறைச் சுவரில் அவள் ஐரோப்பா வரைபடம் ஒன்றை மாட்டச் சொல்லியிருந்தாள், நீ பேசி முடித்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய் சிவப்புக் குண்டூசி ஒன்றைப் புதிய இடத்தில் குத்துவாள். பாரேன், அவன் வடக்க பாத்துதான் வந்துட்டிருக்கான் என்பாள். என் தொழில் அளப்பது, நானும் அளந்து பார்த்தேன். ஏழு வாரத்தில் நீ எங்களை நோக்கி நெருங்கிய தூரத்தை நாட்களால் வகுத்தால், நாளொன்றுக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் வந்தது. திடமான ஒருவன் நடந்தே வரக்கூடிய தூரம் அது. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. பிப்ரவரியில் உன் அறையின் படுக்கைக்கு அவளே புது விரிப்பு போட்டாள், பாதியில் இரண்டு முறை நாற்காலியில் உட்கார்ந்து, என்னை உதவிக்கு வரவிடாமல். இனி எத்தனை வாரம் என்பதை உனக்கு வெளிப்படையாக எழுதிவிடுகிறேன் என்று அன்று கேட்டேன். அவள் கோபித்துக்கொண்டாள். "நான் சாகப்போறேன்னு சொல்லி அவனை வரவழைச்சா, அது என்னைப் பார்க்க வந்ததா ஆகாது ஸ்டாஃபன். அவனா வரட்டும்." நான் கீழ்ப்படிந்தேன். கீழ்ப்படிந்ததற்காக என்னை நான் பல முறை விசாரித்துவிட்டேன், அதில் உன் உதவி எனக்குத் தேவையில்லை.

மார்ச் ஒன்பதாம் தேதி காலை அவள் போய்விட்டாள். அன்றும் ஞாயிறுதான். நான் மருத்துவமனையிலிருந்து திரும்பி மேலங்கியைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றிருந்தபோது, வழக்கமான நேரத்தில் உன் அழைப்பு வந்தது. நான் வாய் திறக்கும் முன் நீ பேசினாய். "அப்பா, அடுத்த வாரம் கண்டிப்பா வந்துடறேன்னு அம்மாகிட்ட சொல்லுப்பா." உன் பின்னால் யாரோ சிரிப்பதும் தட்டுகள் மோதுவதும் கேட்டன. அந்த ஒரு வாக்கியம் முடியும்வரை உனக்கு அம்மா இருந்தாள் என்று நான் எண்ணிக்கொள்கிறேன். அதன் பிறகு செய்தியைச் சொல்லி அதை முடித்துவைத்தவன் நான்.

நம் ஊரில் இறந்தவரை அவசரமாக அனுப்புவதில்லை, வெகு தூரத்தில் இருப்பவரும் வந்து சேரட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருக்கும் வழக்கம் நமக்கு இருக்கிறது, அந்த வழக்கத்துக்கு நான் இதுவரை இவ்வளவு நன்றியோடு இருந்ததில்லை. நான்கு வாரம் தள்ளி ஏப்ரல் நான்காம் தேதியைக் குறித்தேன். கட்டாயம் வருகிறேன் என்றாய். கடைக்குப் போய் இரண்டு வெள்ளை டை வாங்கினேன், கணவனுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, மற்ற ஆண்களெல்லாம் கறுப்பில் வருவார்கள் என்பது உனக்குத் தெரியும். சவப்பெட்டியின் மேல் வைக்க அவளுக்குப் பிடித்த மஞ்சள் ரோஜா இரண்டு வாங்கினேன். தேவாலயத்தில் முதல் வரிசையில் எனக்கு இடப்பக்கம் இடம் விட்டு உட்கார்ந்தேன். மணி அடித்து ஓய்ந்தது, போதகர் ஷெர்ஸ்டின் என் முகத்தைப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா என்று அருகில் வந்து மெல்லக் கேட்டார். ஆரம்பியுங்கள் என்றேன். பூ வைக்கும் நேரம் வந்தபோது எழுந்துபோய் என் பூவை வைத்துத் தலைவணங்கித் திரும்பினேன். உன் பூவை நான் வைக்கவில்லை, ஒருவர் பூவை இன்னொருவர் வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. வரிசை வரிசையாக எல்லோரும் போய்வந்தார்கள். கடைசி வரிசையிலிருந்து, யாரும் அறியாத நெட்டையான இளைஞன் ஒருவன் வெறுங்கையோடு எழுந்து வந்து பெட்டியின் முன் நின்றான். அவன் கழுத்தில் வெள்ளை டை இருந்தது. தேவாலயம் முழுவதும் தலைகள் திரும்பியதை நான் முதுகாலேயே உணர்ந்தேன்.

பிறகு சபைக்கூடத்தில் காபி கொடுத்தபோது யாரும் அவன் பக்கத்தில் போகவில்லை, எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரூனெ மாமா என் முழங்கையைப் பற்றிக்கொண்டு, "ஏம்பா, எங்க யாருக்கும் சொல்லாம இன்னொரு புள்ளைய வச்சிருக்கியா?" என்றார். தங்கையைப் பறிகொடுத்தவர் தன்னைத் தாங்கிக்கொள்ளச் சொன்ன வேடிக்கை அது, நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. நானே போய் அந்த இளைஞனிடம் பேசினேன். அவன்தான் யோரிஸ். இங்கே சாவு வீட்டுக்கு ஆண்கள் வெள்ளை டை கட்டுவார்கள் என்று நீ கென்ட்டில் இரண்டு வாங்கி அவனிடம் ஒன்றைக் கொடுத்ததாகச் சொன்னான். யாருக்கு வெள்ளை, யாருக்குக் கறுப்பு என்பதுகூட உனக்கு மறந்துவிட்டதா, அல்லது அன்று எதையும் நினைக்கும் நிலையில் நீ இல்லையா என்று எனக்குத் தெரியாது. அர்த்தத்தை நான் சொன்னதும் அவன் முகம் சிவந்து, அங்கேயே டையை அவிழ்த்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டான். நீ எங்கே என்று கேட்டேன். "கீழ கார்ல இருக்கான். ரெண்டு நாளா நாங்கதான் மாத்தி மாத்தி ஓட்டிட்டு வந்தோம். மூணு தடவை டை கட்டினான், மூணு தடவை அவுத்துட்டான். எந்திரிக்க முடியல அவனால."

இனி எழுதப்போவது நான் யாரிடமும் சொல்லாதது. சபைக்கூடத்தின் ஜன்னலிலிருந்து, தண்ணீர் ஓரம் வண்டிகள் நிற்கும் இடம் தெரியும். நான் போய்ப் பார்த்தேன். சாம்பல் நிறக் கார் ஒன்று, கண்ணாடி முழுக்க உள்ளிருந்து ஆவி படிந்து. இருநூறு அடி இறங்கினால் உன்னைத் தொட்டிருக்கலாம். நான் இறங்கவில்லை. திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்து, இறால் வைத்த ரொட்டிக் கேக்கில் எனக்கு வெட்டி வைத்திருந்த துண்டை முழுவதும் தின்றேன், இன்னொரு கோப்பை காபி வாங்கிக் குடித்தேன், அம்மாவோடு வேலை பார்த்தவர்கள் பேசியதையெல்லாம் தலையாட்டிக் கேட்டேன். அவள் ஏழு வாரம் காத்திருந்ததுபோல் நீயும் அங்கே உட்கார்ந்து காத்திரு என்று நினைத்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு இருந்த நிதானம் என் வாழ்க்கையில் வேறெப்போதும் இருந்ததில்லை. கடைசியில் நான் வெளியே வந்தபோது கார் இல்லை, பனியில் அது நின்ற இடம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. நீ மேலே வரவில்லை என்று ஊர் பேசுகிறது. நான் கீழே இறங்கவில்லை என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். உன்மேல் எனக்குள்ள கோபம் தீரவில்லை, தீர்ந்ததாக எழுதினால் அது பொய். ஆனால் அதே கோபத்தை இப்போது இரண்டாகப் பங்கிடவேண்டியிருக்கிறது.

தகனத்துக்குப் பின் அம்மாவின் அஸ்திக்கலசம் கல்லறைத் தோட்டத்து அலுவலகத்தில் இருக்கிறது. ஜூன் பதின்மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றுக்கு அதைப் புதைக்கிறோம். போதகர் வேண்டாம், கூட்டம் வேண்டாம், குடும்பம் மட்டும். அலுவலகம் அனுப்பிய படிவத்தில், கலசத்தைச் சுமந்து வந்து குழியில் இறக்குபவர் யார் என்ற இடத்தில் உன் பெயரை எழுதினேன். அவர் வராவிட்டால் யார் என்று அதற்குக் கீழே இன்னொரு இடம் இருந்தது. அதைக் காலியாக விட்டு அனுப்பினேன். அங்குள்ள பெண்மணி தொலைபேசியில், "கீழ ஒண்ணும் எழுதலயே, மறந்துட்டீங்களா?" என்று கேட்டார். மறக்கவில்லை என்றேன். கலசம் கனமில்லை, நான் தூக்கிப் பார்த்துவிட்டேன், இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தால் போதும். நீ வைக்கவேண்டிய மஞ்சள் ரோஜா காய்ந்துவிட்டது, ஆனாலும் உதிரவில்லை, கொண்டுவருகிறேன். வெள்ளை டை அன்று கட்டாயமில்லை, அதையும் கொண்டுவருகிறேன்.

இலாரியாவின் வீட்டில் அளவுக்கு மிஞ்சித் தங்காதே, கிளம்பும்போது படுக்கை விரிப்பை நீயே கழற்றித் துவைக்கப் போட்டுவிட்டு வா, அவள் பெற்றோருக்கு என் வணக்கத்தைச் சொல். யோரிஸுக்கு நான் நன்றி சொல்லவில்லை, என் பெயரால் நீ சொல், அவன் மீண்டும் உன்னை அழைத்துவர நேர்ந்தால் அவனுக்கும் இங்கே படுக்கை உண்டு. வரைபடத்தில் குண்டூசி இன்னும் கென்ட்டிலேயே இருக்கிறது. அதைத் தொட எனக்கு உரிமையில்லை.

உன் அம்மா உனக்காக வேண்டிக்கொண்டதெல்லாம் உனக்குக் கிடைக்கட்டும், உன் உடம்புக்கும் மனதுக்கும் ஒரு குறையும் வராதிருக்கட்டும். ஜூன் பதின்மூன்று, பதினொரு மணி. பதினொன்றுக்குக் கால் மணி முன்பே நான் தண்ணீர் ஓரத்து வண்டி நிறுத்துமிடத்தில் நிற்பேன். உன்னால் எழுந்திருக்க முடியாவிட்டால் எழுந்திருக்காதே. கதவை மட்டும் பூட்டாமல் வை, நான் திறந்துகொள்கிறேன்.

உன் அப்பா,
ஸ்டாஃபன்