மேக்னமா, 308-ஆ?

மார்ச் 14, சனி

நமீபியாவில் ஓரிக்ஸ் மான் வேட்டைக்கு எந்தத் தோட்டா எடுத்துப்போவது என்று ஒரு மாதமாகக் கணக்குப் போட்டேன். வேகம், எடை எதைப் பார்த்தாலும் 308-ஐவிட மருந்து அதிகம் உள்ள 300 மேக்னம்தான் மேல்.

இன்று எங்கள் ஊர் சுகர் லேண்டுக்கு வெளியே உள்ள துப்பாக்கிப் பயிற்சி ரேஞ்சில் மேக்னத்தால் சுட்டது ஒன்றுகூடக் குறியில் விழவில்லை. குறி பார்க்கும் ஸ்கோப் சரியில்லை என்றேன். என் மனைவி திவ்யா அடுத்த தோட்டாவை அவளே போட்டுக் கொடுத்தாள். விசையை இழுத்தேன். வெடிக்கவில்லை, 'டிக்' என்றது. குழல் மட்டும் சட்டென்று கீழே குனிந்தது.

"அது டம்மி தோட்டாடா! ஸ்கோப்பா பயந்துச்சு?" என்று சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். "வயித்துல சுட்டு, அது நாள் பூரா துடிச்சிட்டுக் கிடந்தா? அப்படின்னா நான் வரல."

தோளில் துப்பாக்கியின் உதை விழுவதற்கு முன்பே கை எப்படிப் பயப்படுகிறது? எனக்கே தெரியாமல்? விசித்திரம்தான். 308 துப்பாக்கியை எடுத்துச் சுட்டேன். ஐந்தும் ஒரே இடத்தில். நெஞ்சில் சரியாகப் பட்டால் ஓரிக்ஸுக்கு இதுவே போதும்.

திவ்யா டார்கெட் தாளைக் கிழித்து எடுத்து ஐந்து ஓட்டைகளையும் உள்ளங்கையால் மூடிப் பார்த்தாள்.

"சரி, எனக்கும் டிக்கெட் போடு."