நிக்காஹ் படத்தில் இல்லாத பெண்

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த மழையில் உங்கள் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? கனடாவில் நானும் உங்கள் மருமகன் தாரிக்கும் நலம்.

நான் இங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்காகப் போன வாரம் விசாரணை நடந்தது. பயப்பட ஒன்றுமில்லை. அதிகாரியம்மா நிக்காஹ் படத்தைக் காட்டினார். ஏற்காடு பள்ளிவாசலில் நீங்கள் தாரிக் கையைப் பிடித்திருக்கும் படம். "இதில் பெண் எங்கே?" என்றார்.

"பொம்பளைங்களோட ஊட்டுல இருந்தனுங்க. எங்க வழக்கம் அப்படிங்க" என்றேன். மொழிபெயர்ப்பாளர் சொன்னதும், "சொந்தக் கல்யாணத்துக்கே போகவில்லையா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. நம் மிளகுக் கடைக்கு வந்த சுற்றுலாக்காரரை இந்த நாட்டுக்காகவே கட்டிக்கொண்டேன் என்று சந்தேகப்படுகிறார்.

வீட்டுக்குள் வந்து "சம்மதமா கண்ணு?" என்று என்னைக் கேட்டதும் நீங்கள், பள்ளிவாசலில் அவர் கையைப் பிடித்ததும் நீங்கள். இரண்டு இடத்திலும் இருந்தவர் என் அத்தாதான் என்றேன். அதை விசாரிக்க அடுத்த மாதம் உங்களுக்குப் போன் செய்வார்கள். தெரியாத நம்பர் என்று விட்டுவிடாதீர்கள்.

அம்மாவிடம் சொல்லிக் கொஞ்சம் மிளகு அனுப்புங்கள். இங்கே வாங்குவதில் காரமே இல்லை.

தபாலாபீஸை மூடப்போகிறார்கள். இன்னும் ஒன்று. நீங்கள் என்னோடு பேசுவீர்களா என்று கேட்டார்கள். "வாராவாரம் பேசுவாருங்க" என்று சொல்லிவிட்டேன். ஏற்காட்டிலேயே இருப்போம் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறியவள் மேல் உங்களுக்குக் கோபம் தீரவில்லை என்று தெரியும். அவர்கள் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு தடவையாவது என் போனை எடுங்கள், அத்தா. அது தெரிந்த நம்பர்தானே.

உங்கள் சனா